பொருநன் கண்ட கனவு

பத்துப்பாட்டு என்னும் சங்கத் தொகுப்பில் இரண்டாவதாக அமைந்தது பொருநராற்றுப்படை. 248 அடிகள் கொண்டது. பாடியவர் முடத்தாமக் கண்ணியார். பாட்டுடைத் தலைவன் சோழன் கரிகால் பெருவளத்தான். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்த நம்மில் பலருக்கு இந்த விவரங்கள் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக மனப்பாடம் ஆகியிருக்கும். அதற்கு மேல் பாட்டின் உள்ளே சென்று பார்த்தவர்கள் குறைவு. பெங்களூரிலேயே பிறந்து ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கோ அந்த ஒரு மதிப்பெண் வாய்ப்பும் இல்லை.

நான் தமிழ்ப் புலவன் அல்லன். டிப்ளமோ படித்து, இருப்புப் பாதைப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். எந்தப் பாகம் எதைத் தாங்குகிறது என்று பிரித்துப் பார்க்கும் தொழிற்பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. அந்தப் பழக்கத்தோடு இந்தப் பாட்டைப் பார்த்தால், இதைத் தாங்கி நிற்பது அரசனின் பெருமை அன்று, வயிறு காய்ந்த ஒரு கலைஞனின் கனவே என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் சொல்லின் பொருள். ஆற்றுப்படை என்பதில் உள்ள 'ஆறு' காவிரி ஆறு போன்ற ஆறு அன்று. ஆறு என்றால் வழி. இவ்வாறு, அவ்வாறு என்று நாம் தினமும் எழுதுகிறோமே, அந்த ஆறுதான் இது. வழிப்படுத்துவது ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகிய கலைஞர்களில் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர், பரிசு பெறாமல் எதிரே வரும் இன்னொருவரைப் பார்த்து, 'நான் இன்னாரிடம் போனேன், இன்னின்ன பெற்றேன், நீயும் இந்த வழியே போ' என்று சொல்வது. தொல்காப்பியம் புறத்திணை இயலில் இதற்கு இலக்கணம் இருக்கிறது. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், இந்த வகையைச் சேர்ந்தவை. பொருநர் என்போர் ஏர்க்களத்திலும் போர்க்களத்திலும் பாடுகிறவர்கள். தடாரி என்னும் பறையைக் கையில் வைத்திருப்பவர்கள்.

நமக்கு இது புதிதா என்ன? ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு 1864-இல் ரயில் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பாதையில் வந்து இறங்கிய தமிழர்களில் எத்தனை பேர் விலாசம் எழுதிய ஒரு துண்டுச் சீட்டோடு இறங்கியிருப்பார்கள்! 'ஐ.டி.ஐ.யில் என் மச்சினன் இருக்கிறான், போய்ப் பார்', 'எச்.ஏ.எல். கேட்டில் நின்று இன்னார் என்று சொல்', 'அல்சூரில் நம்ம ஊர்க்காரர் மெஸ் வைத்திருக்கிறார், முதல் மாதம் காசு கேட்க மாட்டார்'. இவையெல்லாம் ஆற்றுப்படைதான். பாட்டாக எழுதி வைக்க நம்மிடையே ஒரு முடத்தாமக் கண்ணியார் இல்லை, அவ்வளவே.

இனிப் பாட்டுக்குள் செல்வோம்.

பாட்டு தொடங்குவது ஒரு திருவிழா முடிந்த மறுநாளில். பெரிய, வளமான ஊர். விழா நடந்தபோது பொருநனுக்கு வேலையும் சோறும் இருந்தன. மறுநாளும் அங்கே சோறு கிடைக்கும்தான். ஆனால் அதற்கு ஆசைப்பட்டு ஒட்டிக்கொண்டிராமல் வேறு ஊரை நினைத்துப் புறப்பட்டுவிட்டான். வழிவகை அறிந்தவனே என்று அவனை மரியாதையாக விளிக்கிறான் எதிரே வருகிறவன். விழாவுக்குப் பாட்டில் 'சாறு' என்ற பழைய சொல் வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள்; கன்னடத்தில் சாறு என்றால் ரசம். சிரிக்கட்டும், சொல் மனத்தில் நிற்கும்.

இந்தத் தொடக்கத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. கலைஞன் வாழ்வில் விழா நாளைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். மறுநாளைப் பற்றி எழுதியவர் இவர். 2020-இல் கொரோனா காலத்தில் கோயில் விழாக்கள் நின்றபோது தெருக்கூத்து ஆடுகிறவர்களும் நாயனக்காரர்களும் பறையடிப்பவர்களும் ஒரு பருவம் முழுவதையும் இழந்து தவித்ததை நாம் அறிவோம். அவர்களுக்கு அது மாதக்கணக்கில் நீண்ட மறுநாள்.

அடுத்து யாழின் வருணனை. இங்கே எனக்குள் இருக்கும் எஞ்சினியர் உட்கார்ந்துவிடுவான். பத்தர், அதாவது ஒலிக்குடம், மானின் குளம்பு அழுந்திய தடம் போல் பிளவுபட்டிருக்கும். துளைகளை அடைத்த ஆணிகள் வளையில் இருக்கும் நண்டின் கண்களைப் போல் இருக்கும். வாய் எட்டாம் நாள் பிறை வடிவில், உள்நாக்கு இல்லாத வாய் போல் இருக்கும். தண்டு தலைதூக்கிய பாம்பு போல் நிமிர்ந்திருக்கும். ஒவ்வோர் உறுப்பையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்த்த ஓர் உவமை. ஓவியம் வரையத் தெரிந்த பிள்ளையிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டினால் ஒரு படம் போட்டுவிடும். பிற்காலத்தில் வழக்கொழிந்த யாழை, கணக்கும் இசையும் சேர்த்து ஆராய்ந்து, இலங்கையின் விபுலானந்த அடிகள் 'யாழ் நூல்' எழுதினார். அது 1947-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். வழிப்பறிக் கள்வர்கூட இந்த யாழின் பாலைப் பண்ணைக் கேட்டால் ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்களாம். கலைஞனுக்குப் பாதுகாப்பு அவன் கருவிதான். வேறு துணை இல்லை.

யாழை இசைக்கும் பாடினியைக் கூந்தல் முதல் பாதம் வரை புலவர் பாடுகிறார். மற்றப் புலவர்களும் செய்கிற வேலைதான், விரைந்து கடந்துவிடலாம். ஆனால் பாதத்துக்கு வந்ததும் நிற்க வேண்டும். ஓடிக் களைத்த நாயின் நாக்குப் போன்ற பாதம். உருக்கிய அரக்குப் போலச் சிவந்து சுடும் நிலத்தில் நடந்து, பரல் கற்கள் உறுத்தி, பாதத்தில் நீர் கோத்த கொப்புளங்கள். அதனால் உச்சிப் பொழுதில் அவள் நடையை நிறுத்திவிடுகிறாள். கூந்தலில் தொடங்கியவர் கொப்புளத்தில் முடிக்கிறார். மேடையில் பார்க்கிற அழகுக்கும் வழியில் நடக்கிற காலுக்கும் உள்ள தூரம் இது. கோடையில் தண்டவாளத்தின் ஓரம் ஜல்லி மீது கிலோமீட்டர் கணக்கில் நடக்கும் கேங்மேன்களின் கால்களை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைப் பார்க்காத ஒருவர் எழுதியிருக்க முடியாது.

இப்போது, பரிசு பெற்ற பொருநன் தன் பழைய நிலையைச் சொல்கிறான். பழுத்த மரத்தைத் தேடும் பறவை போலப் பசியோடு கரிகாலன் வாயிலுக்குப் போனான். அடைக்காத வாயில் அது. யாரிடமும் சொல்லி அனுப்பாமல் உள்ளே நுழைந்துவிட்டான். உடம்பு இளைத்திருந்தது. ஆடையில் ஈரும் பேனும் குடியிருந்தன. வேர்வையில் நனைந்து நைந்த துணி. கிழிந்த இடமெல்லாம் வேறு நூலால் தைத்தது. அவன் தடாரியில் கை பட்டுப் பட்டு அழுக்கேறிய வட்டம், படமெடுத்த பாம்பின் புள்ளி போல் தெரிந்தது. விடிவெள்ளி முளைத்த இருட்டு நேரத்தில் அந்தத் தடாரியைத் தட்டிப் பாடத் தொடங்குகிறான்.

பாடி முடிக்கும் முன்பே அரசன் உறவினனைப் போல் அருகில் அழைத்து உட்கார வைத்துக்கொள்கிறான். கந்தலை நீக்கி, பாம்புச் சட்டை போல் மெல்லிய, நெய்த இழை கண்ணுக்குத் தெரியாத ஆடை கொடுக்கிறான். பொற்கிண்ணத்தில் கள் வருகிறது. குடித்துக் களைப்புத் தீர்ந்து, அரண்மனையிலேயே ஒரு பக்கம் படுத்துத் தூங்குகிறான். மறுநாள் எழுகிறான்.

பாட்டின் அச்சாணி இந்த விடியல்தான். முந்தின மாலை வரை இருந்த இழிந்த வறுமையையும், காலையில் கண்டவர் வியக்க வண்டுகள் மொய்க்கும் தன் நிலையையும் நினைத்துப் பார்க்கிறான். கனவோ என்று நெஞ்சு மயங்குகிறது. எது கனவு? வசதி வந்தவன் அதைக் கனவோ என்று ஐயுறுவது உலக இயல்பு, எல்லோரும் எழுதுவது. ஆனால் புலவர் 'புன்மையும்', 'நிலையும்' என்று இரண்டுக்கும் உம் சேர்த்துச் சொல்கிறார். நேற்றைய பசியும் கனவு போல, இன்றைய மணமும் கனவு போல. நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு எழுந்தவுடன் எந்தப் பக்கம் உண்மை என்று தெரியவில்லை. உரை நூல்களில் இதற்குப் பல விளக்கம் காணலாம். அந்த இரண்டு உம்மைகளும் தற்செயலாக விழுந்தவை அல்ல என்பது என் கருத்து. வறுமையிலிருந்து மேலே வந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். வந்து இத்தனை வருடம் ஆன பிறகும் சில காலைகளில் பழைய வீட்டில் கண் விழித்தது போல் இருக்கும் என்பார்கள்.

கனவு என்பதற்குக் கன்னடத்தில் கனசு. பசி அங்கே ஹசிவு. பாடு என்பது ஹாடு. நம் பகரம் அவர்களிடம் ஹகரம் ஆகிவிடும். இந்தப் பாட்டை மூன்று சொல்லில் அடக்கினால் பாடு, பசி, கனவு. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமாகப் படித்த சொற்கள்தான். அந்த வழியாகவும் இந்தப் பாட்டுக்குள் நுழையலாம்.

பிறகு விருந்து. இறைச்சி வேகவைத்ததும் சுட்டதும் மாறி மாறி வருகின்றன. பகலும் இரவும் தின்று தின்று, கொல்லை நிலத்தை உழுத கொழு தேய்வது போலப் பல் மழுங்கிவிட்டதாம்! நகைச்சுவைதான், ஆனால் பசித்தவனின் நகைச்சுவை. கடைசியில் சாப்பாடே வெறுத்துப்போய், ஒருநாள் 'எங்கள் ஊருக்குப் போகிறோம்' என்று மெல்லச் சொல்கிறான். அந்த 'மெல்ல' என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுத்தவர் மனம் நோகாமல் விடை கேட்கத் தெரிந்தவன். அரசன், 'எங்கள் கூட்டத்தை விட்டுப் போகிறீர்களா' என்று கோபித்துக்கொண்டவன் போல் கேட்டுவிட்டு, யானைகளைக் கன்றுகளோடு கொடுக்கிறான். இங்கே பொருநன் சொல்லும் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும்: அரசன் தான் அறிந்த அளவில் கொடுத்துக்கொண்டே இருந்தான், நான் நான் அறிந்த அளவில் வேண்டியதை எடுத்துக்கொண்டேன் என்கிறான். கொடுப்பதற்கு ஓர் அளவு, கொள்வதற்கு வேறோர் அளவு. இரண்டாவது அளவைக் கையில் வைத்திருப்பவன் கலைஞன். நேற்று வரை பேன் குடியிருந்த துணியை உடுத்தியிருந்தவன் சொல்லும் சொல் இது.

வேறு நாடுகளிலும் இப்படிப் பாட்டுகள் உண்டு. அமெரிக்காவில் கன்ட்ரி இசை என்ற ஒரு வகை இருக்கிறது. அதன் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் எங்கள் இனத்தவர், அதாவது ரயில்வேக்காரர்! 1897-இல் பிறந்தவர். கேங்மேன்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சிறுவனாகத் தொடங்கி, அவர்கள் வேலை செய்துகொண்டே பாடிய பாட்டுகளைக் கேட்டு வளர்ந்து, பிரேக்ஸ்மேன் ஆனார். (நம் ஊரிலும் கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நகர்த்தும்போது மேஸ்திரி ஓர் அடி சொல்ல மற்றவர்கள் சேர்ந்து முழங்குவார்கள். அந்தத் தாளம் இல்லாவிட்டால் தண்டவாளம் அசையாது.) காசநோய் வந்ததால் ரயில் வேலையை விட்டார். 1927-இல் டென்னசி மாநிலத்து பிரிஸ்டல் என்ற சிற்றூரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார். சில ஆண்டுகளில் பெரும்புகழ். 1933-இல் நியூயார்க்கில் கடைசிப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது ஒரு பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் இடையே கட்டிலில் படுத்து இளைப்பாறிப் பாடினார். சில நாளில் இறந்தார். வயது 35.

அதே இசை வகையில் 1975-இல் க்ளென் கேம்பல் பாடிப் புகழ்பெற்ற 'ரைன்ஸ்டோன் கௌபாய்' என்ற பாட்டு ஒன்று உண்டு. லாரி வைஸ் என்பவர் எழுதியது. ரைன்ஸ்டோன் என்றால் வைரம் போல் மின்னும் கண்ணாடிக் கல். மேடைப் பாடகர்கள் சட்டையில் அதைப் பதித்துக்கொள்வார்கள். பெருநகரத் தெருக்களில் வருடக்கணக்காக வாய்ப்புத் தேடி அலைந்து, ஒருநாள் விளக்கு வெளிச்சத்தில் அந்த மின்னும் உடையோடு நிற்போம் என்று கனவு காணும் ஒருவனைப் பற்றிய பாட்டு. கந்தலிலிருந்து மின்னும் ஆடைக்கு மாறுகிற கனவு இரண்டு பாட்டிலும் ஒன்றே. ஆனால் அமெரிக்கப் பாட்டில் அவன் தனியாள். போட்டியாளர் நிறைந்த தெரு, எல்லோரையும் தாண்டி மேலே வர வேண்டும். நம் பொருநன் மேலே வந்துவிட்டான். வந்தவன் யானைகளோடு ஊர் போய்ச் சேராமல், எதிரே கால் கொப்புளத்தோடு வரும் இன்னொரு பொருநனை நிறுத்தி வழி சொல்கிறான். அவனும் இதே தொழில், இதே தடாரி. இவன் பங்குக்குப் போட்டியாக வரக்கூடியவன்.

என்ன சொல்கிறான்? நீ போனால், கன்று ஈன்ற பசு கன்றைப் பார்ப்பது போல அரசன் உன்னைப் பார்ப்பான். பாசி வேர் போல் அழுக்கேறிய உன் கந்தலை நீக்கிப் பட்டு தருவான். உனக்குப் பொன் தாமரை, உன் பாடினிக்கு முத்து மாலை. பால் போன்ற நான்கு குதிரைகள் பூட்டிய தேரைக் கொடுத்து, ஏழடி பின்னால் நடந்து வந்து வழியனுப்புவான். குதிரை ஓட்டும் கோலில் இருக்கும் முள்ளைக்கூடக் கழற்றிவிட்டு 'ஏறு' என்பான். பழக்கமில்லாதவன் குத்திவிட்டால் குதிரை பாய்ந்துவிடும் அல்லவா? இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு இந்தப் பாட்டில் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை!

இது அரசனுக்குப் புலவர் அடித்த ஜால்ராதானே என்று இளைஞர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாட்டில் புகழ்ச்சி நிறைய உண்டு. வெண்ணிப் போரில் சேரனையும் பாண்டியனையும் வென்ற செய்தி வருகிறது. (தஞ்சாவூர் - திருவாரூர் பாதையில் கோயில்வெண்ணி என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது, அந்த ஊர்தான்.) ஆனால் வெறும் புகழ்ச்சிக்குப் பேனும் கொப்புளமும் எதற்கு? சிறுபாணாற்றுப்படையில் இன்னும் கடுமையான காட்சி ஒன்று உண்டு. இடிந்த சுவரில் காளான் பூத்த அடுக்களை. அங்கே குட்டி போட்ட நாய், பால் இல்லாததால், கண் திறக்காத குட்டிகள் பால் குடிப்பதைத் தாங்காமல் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு, அக்கம்பக்கத்தார் பார்த்து ஏதாவது சொல்வார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். பசியைவிட அந்தச் சாத்திய கதவு என்னை அதிகம் வருத்துகிறது. அந்தப் பாட்டில் வரும் கிடங்கில், நம் திண்டிவனத்தை ஒட்டிய ஊர். அரசனைப் பாட வந்த புலவர்கள் அரசன் காதில் இதைப் போட்டிருக்கிறார்கள். கொடுக்கிறவன் வெட்கப்படும்படி பாடுவது ஜால்ரா ஆகாது.

அந்த ஏழடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியூர்த் தமிழ் அமைப்புகள் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் தமிழ்நாட்டிலிருந்து கலைஞர்களை வரவழைக்கிறோம். ஓர் அமைப்பின் விழாவில் நான் பார்த்தேன், பெயர் வேண்டாம். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை மேல் பொன்னாடை. இரண்டு மணி நேரம் வெயிலில் பறையடித்து ஆடிய பிள்ளைகளுக்கு, எல்லோரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தி. சாம்பார் தீர்ந்துவிட்டது. இரவு பஸ்ஸுக்கு அவர்களே ஆட்டோ பிடித்துப் போனார்கள். வாயில் வரை யாரும் போகவில்லை. அன்று மேடையில் பேசிய தலைப்பு 'சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல்'. இனி விழாக் குழு கூடும்போது, வரவு செலவுக் கணக்கோடு இரண்டு செய்திகளையும் எழுதி வைக்கலாம்: கலைஞர்கள் எந்தப் பந்தியில் உண்பார்கள், யார் அவர்களை வண்டி ஏற்றுவார். செலவு ஒன்றும் அதிகமில்லை.

பாட்டு யானையோடும் தேரோடும் முடியவில்லை. காவிரி நாட்டின் விளைச்சலோடு முடிகிறது. ஒரு வேலி நிலத்தில் ஆயிரம் கலம் நெல் விளையும் நாடு என்கிறார். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலி என்பது ஏறக்குறைய 6 2/3 ஏக்கர். தஞ்சைப் பக்கம் இரண்டு கலம் ஒரு மூட்டை, 60 கிலோ என்பார்கள். அந்தக் கணக்கில் 500 மூட்டை, ஏக்கருக்கு 75. இன்று உரம் போட்டு நல்ல மகசூல் எடுப்பவரும் ஏக்கருக்கு 40 மூட்டை வந்தால் மகிழ்ந்துபோவார். சங்க காலக் கலம் சிறியதாக இருந்திருக்கலாம், அல்லது புலவர் கொஞ்சம் தாராளமாக அளந்திருக்கலாம். பசித்த வழிப்போக்கனிடம் சோறு கிடைக்கும் ஊரைப் பற்றிச் சொல்லும்போது யார்தான் படியைத் தலைதட்டி அளப்பார்கள்?

1889-இல் உ.வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதன் பின் எளிய உரைகள் பல வந்துவிட்டன. வீட்டில் பிள்ளைகளோடு படிக்க நினைப்பவர்கள் 248 அடியையும் வரிசையாகத் தொடங்க வேண்டாம். யாழ்ப் பகுதியில் அகராதி தேடித் தேடியே பிள்ளை ஓடிவிடும். பாடினியின் கால் கொப்புளத்தை முதலில் சொல்லுங்கள். பிறகு கந்தல், தடாரி, விடிவெள்ளி, விருந்து, பல் மழுங்கிய கதை. யாழைக் கடைசியில் வைத்துக்கொண்டு, கையில் ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து வரையச் சொல்லலாம்.